சீன நோட்டுக் கட்டு ஒன்று கையில் இருந்தால்: போர்க்காலத் தாள்களை இனம் பிரிப்பது எப்படி

கேள்வியின் சுருக்கம் இது. 1937-45 சீன-ஜப்பானியப் போர்க்காலத்துச் சீன நோட்டுகள் என்று சொல்லி நாற்பது தாள்கள் மொத்தமாக விலைக்கு வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே மனிதரின் முகம். சிலவற்றில் 1914 என்றும் 1930 என்றும் இருக்கிறது. இவற்றில் எது உண்மையில் போர்க்காலத்தது, எதை வைத்துச் சேகரிப்பைத் தொடங்கலாம், போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வேலையாக, ஆண்டைப் பார்த்துப் பிரிப்பதை நிறுத்துங்கள். சீன நோட்டில் இருக்கும் ஆண்டு பெரும்பாலும் அந்த அச்சுத்தகட்டின் ஆண்டுதான். தாள் அச்சான ஆண்டோ, மக்கள் கைக்கு வந்த ஆண்டோ அல்ல. உங்கள் கட்டில் 1914 என்று இருப்பது அநேகமாகப் பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ் வங்கியின் 10 யுவான் ஷாங்காய் நோட்டாக இருக்கும். 1914 அக்டோபர் 1 என்ற தேதியை மாற்றாமலே நியூயார்க்கின் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி பல ஆண்டுகள் அதை அச்சடித்துக்கொண்டே இருந்தது. 1930 என்று இருப்பது நெட்டுவாக்கில் அமைந்த தாள் என்றால் அது சுங்கத் தங்க அலகு. இறக்குமதி வரி கட்டுவதற்காக 1931இல் வெளியானது. 1942இல்தான் ஒரு அலகுக்கு 20 யுவான் என்று மதிப்பு வைத்துப் பொதுப் புழக்கத்துக்கு விட்டார்கள். இதற்கு நேர்மாறாக, 1945 என்று அச்சிட்ட தங்க யுவான் நோட்டுகள் 1948 ஆகஸ்டில்தான் வெளிவந்தன. 'போர் முடிந்த ஆண்டு நோட்டு' என்று இதை விற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். பலருக்கு உண்மையிலேயே தெரியாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, யார் வெளியிட்டது, எந்த ஊரில் செல்லுபடியானது என்பதுதான். அந்த எட்டு ஆண்டுகளில் சீனா ஒரே நாணய நாடாக இல்லை. சியாங் கை-ஷேக்கின் அரசு, ஜப்பான் கைப்பற்றிய பகுதிகளில் அது நிறுவிய வங்கிகள், ஜப்பானிய ராணுவம், கம்யூனிஸ்ட் தளப்பகுதிகள் என்று நான்கு தரப்பும் தனித்தனியாகக் காகிதம் அச்சடித்தன. எதிரியின் பணத்தை வைத்திருந்தாலே தண்டனை என்ற இடங்களும் உண்டு. கட்டை இந்த நான்காகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சீன மொழி தெரியாமலே இதைச் செய்யலாம். தாளைத் திருப்புங்கள். நோட்டின் ஒரு பக்கம் சீனத்தில் இருக்கும். மறுபக்கத்தில் பெரும்பாலும் வங்கியின் பெயரும் மதிப்பும் ஆண்டும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலமே இல்லையென்றால் மேலே உள்ள வங்கிப் பெயரின் எழுத்துகளை எண்ணுங்கள். கிடைமட்டமாக எழுதியிருந்தால் வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். கடைசி இரண்டு எழுத்தும் எப்போதும் 'வங்கி' என்ற சொல். சென்ட்ரல் பேங்க், பேங்க் ஆஃப் சைனா, பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ் மூன்றுக்கும் நான்கு எழுத்து. விவசாயிகள் வங்கிக்கு ஆறு. நான்ஜிங்கில் வாங் ஜிங்வெய் நடத்திய பொம்மை அரசின் சென்ட்ரல் ரிசர்வ் பேங்குக்கும் ஆறு. பீக்கிங்கின் ஃபெடரல் ரிசர்வ் பேங்குக்கு எட்டு.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். சென்ட்ரல் பேங்க் என்பது சியாங் அரசின் வங்கி. சென்ட்ரல் ரிசர்வ் பேங்க் என்பது ஜப்பானின் தயவில் 1941 ஜனவரியில் திறந்த வங்கி. இரண்டிலும் சுன் யாட்-சென் முகம்தான். தேசத்தந்தையின் வாரிசு நான்தான் என்று இரு தரப்பும் உரிமை கொண்டாடினால் முகம் வேறெப்படி இருக்கும்? 'ரிசர்வ்' என்ற ஒரு சொல்தான் பிரித்துக் காட்டும். இந்த வங்கியின் முதல் நோட்டுகளில் 1940 என்றே இருக்கிறது. வங்கி திறப்பதற்கு முந்தைய ஆண்டு. மேலே சொன்ன பாடம் இங்கேயும் பொருந்துகிறது.

ஆண்டு சீனத்தில் மட்டும் இருந்தால் அது குடியரசு ஆண்டு. அதோடு 1911ஐக் கூட்டுங்கள். படுக்கைக் கோடு ஒன்று, இரண்டு, மூன்று என்றால் அந்தந்த எண். கூட்டல் குறி போல இருப்பது பத்து. மூன்று கோடு, அடுத்துக் கூட்டல் குறி, அடுத்து ஒற்றைக் கோடு என்றால் 31, அதாவது 1942. நோட்டின் மதிப்பை இப்படிப் படிக்க முயலாதீர்கள். கோட்டைக் கூட்டித் திருத்திவிடக் கூடாது என்பதற்காக மதிப்புக்குக் கடினமான வேறு எழுத்துகளைப் பயன்படுத்துவார்கள். மஞ்சூரியாவின் நோட்டுகளுக்கு இந்தக் கணக்கே செல்லாது. அங்கே பேரரசரின் ஆட்சியாண்டு.

இனி ஒவ்வொரு குவியலாகப் பார்ப்போம்.

அரசுத் தரப்பின் நோட்டுக்குப் பெயர் ஃபாபி, சட்டப் பணம். 1935 நவம்பர் 4 அன்று வெள்ளி நாணயத்தை விலக்கிவிட்டு மூன்று வங்கிகளின் நோட்டுகளைச் சட்டப் பணமாக்கினார்கள். அடுத்த ஆண்டு விவசாயிகள் வங்கியும் சேர்ந்தது. 1942 ஜூலை முதல் வெளியிடும் உரிமை சென்ட்ரல் பேங்குக்கு மட்டும் என்றானது. போர் தொடங்கும் முன் புழக்கத்தில் இருந்த ஃபாபி சுமார் 140 கோடி யுவான். 1945 ஆகஸ்டில் ஏறக்குறைய 55,700 கோடி. உங்கள் கட்டில் இவை அதிகம் இருப்பதற்கும் விலை குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுவே. நியூயார்க்கில் அமெரிக்கன் பேங்க் நோட், லண்டனில் டி லா ரூவும் வாட்டர்லோவும், ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் சுங் ஹ்வா என்று பல இடங்களில் அச்சானவை இவை. பர்மா சாலை 1942இல் அறுபட்ட பிறகு, வெளிநாட்டில் அச்சான நோட்டுகள் இந்தியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி விமானத்தில் போயின. ஆயுதமும் மருந்தும் ஏற்ற வேண்டிய இடத்தைக் காகிதப் பணம் அடைத்துக்கொண்டது.

அச்சகத்தின் பெயர் நோட்டின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அட்டவணையில் தேடும்போது இதுதான் சாவி. 1936ஆம் ஆண்டுச் சென்ட்ரல் பேங்க் நோட்டு என்றால் டி லா ரூ அச்சு வேறு எண், வாட்டர்லோ அச்சு வேறு எண். உலக நோட்டுகளுக்குச் சேகரிப்பாளர்கள் புழங்கும் 'பிக் எண்' முறையில் அரசு வங்கிகளுக்கு வெறும் எண்; ஜப்பான் நிறுவிய வங்கிகளுக்கு எண்ணுக்கு முன்னால் 'ஜே'; ராணுவ நோட்டுக்கு 'எம்'; மாகாண, கம்யூனிஸ்ட் வெளியீடுகளுக்கு 'எஸ்'. விற்பவர் எழுதியிருக்கும் எண்ணில் 'ஜே' இருந்து, அவர் அதைச் சியாங் அரசின் நோட்டு என்கிறார் என்றால், அவருடைய மற்ற வருணனைகளையும் ஒரு தடவை சரிபாருங்கள்.

ஃபாபியில் விலையைத் தீர்மானிப்பது ஊர்ப்பெயர். ஷாங்காய், தியென்ட்சின், சுங்கிங், ஷான்டுங் என்று தகட்டிலேயே பொறித்தோ, அச்சான தாளின் மேல் பிறகு அடித்த மேலச்சாகவோ ஊர் இருக்கும். இது அலங்காரம் அல்ல. 1938 மார்ச்சில் ஜப்பான் நிறுவிய பீக்கிங்கின் ஃபெடரல் ரிசர்வ் பேங்க் திறந்தபோது, வடக்கு ஊர்ப்பெயர் கொண்ட பழைய நோட்டுகளுக்கு ஓராண்டு கெடு, தெற்கு ஊர்ப்பெயருக்கு மூன்றே மாதம் என்று அறிவித்தார்கள். ஒரே வங்கி, ஒரே மதிப்பு. ஊர்ப்பெயர் வேறாக இருந்ததால் ஒன்று பணமாகவும் மற்றொன்று குற்றமாகவும் ஆனது. இன்றும் ஒரே வடிவமைப்பில் சாதாரண ஊருக்கும் அரிய ஊருக்கும் விலை பல மடங்கு வேறுபடும். கையொப்பச் சோடி, வரிசை எண்ணின் முன்னெழுத்து, எண் கறுப்பா சிவப்பா என்பவை அடுத்த நிலை வேறுபாடுகள். முதல் ஆறு மாதம் அவற்றைக் குறித்து வையுங்கள்; அவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஜப்பான் நிறுவிய வங்கிகளில் மஞ்சூரியா 1932இலேயே தொடங்கிவிட்டது. உள் மங்கோலியாவின் மெங்ஜியாங் வங்கி 1937. அதன் தாள்களில் ஒட்டகமும் ஆட்டு மந்தையும் வருவதால் கண்டுபிடிப்பது எளிது. பீக்கிங் வங்கி 1938. கன்பூசியஸ், குவான் யு, மஞ்சள் பேரரசர் போன்ற பழம்பெரும் உருவங்கள். நான்ஜிங் வங்கி 1941. இந்த நான்கிலும் கடைசி ஆண்டுத் தாள்களைத் தடவிப் பார்த்தாலே தெரியும், காகிதம் மெலிந்து, மை வெளிறி, வேலைப்பாடு தேய்ந்திருக்கும். நான்ஜிங் வங்கி 10,000 யுவான் தாளையும் தாண்டிப் போய்விட்டது. போர் முடிந்ததும் சியாங் அரசு அதன் 200 யுவானுக்கு 1 ஃபாபி என்றும், பீக்கிங் வங்கியின் 5 யுவானுக்கு 1 ஃபாபி என்றும் விலை வைத்தது. நான்ஜிங் நோட்டில் சேமித்திருந்த ஷாங்காய்க்காரர்களின் கதை அந்த ஒரு விகிதத்தில் முடிந்தது.

இந்த நோட்டுகளைப் பற்றி ஒரு ரகசியக் குறிக் கதை உலவுகிறது. சீனச் செதுக்காளர்கள் எதிர்ப்பைக் காட்ட ஓரச் சித்திரவேலையில் ஆமையை ஒளித்தார்கள் (சீனத்தில் ஆமை என்பது வசவு), 1944ஆம் ஆண்டின் 200 யுவானில் யு, எஸ், ஏ, சி என்ற எழுத்துகளை மறைத்தார்கள், அதற்கு 'அமெரிக்கப் படை வருகிறது' என்று பொருள், இப்படி. லென்ஸை எடுத்துத் தேடுங்கள், சுவையான பொழுதுபோக்குதான். ஆனால் செதுக்கியவருக்கு நேர்ந்த முடிவு பற்றிச் சொல்லப்படும் கதைகளை விற்பனைப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 'ரகசியக் குறி உள்ளது' என்று யாராவது இரட்டை விலை கேட்டால் கொடுக்காதீர்கள்; அந்தக் குறி அந்தத் தகட்டின் எல்லா நோட்டிலும் இருக்கும்.

ராணுவ நோட்டு தனி இனம். வங்கிப் பெயர் இருக்காது, ஜப்பானியப் பேரரசு அரசாங்கம் என்றும் ராணுவக் கைச்சீட்டு என்றும் இருக்கும். மதிப்பு யென்னிலும், யென்னில் நூறில் ஒரு பங்கான 'சென்'னிலும். தொடக்கத்தில் வந்தவை சாதாரண ஜப்பானிய நோட்டின் மேல் சிவப்புக் கோடு அடித்து மேலச்சிட்டவை, அவை அரியவை. பிற்காலத்துப் பெருமதிப்புத் தாள்களின் பின்புறத்தில், இதைப் போலியாக அச்சடிப்பவருக்குக் கடும் தண்டனை என்று சீனத்தில் எச்சரிக்கை இருக்கும். ஜப்பானியர் மலேயாவில் வெளியிட்ட வாழைமர நோட்டோடு இதைக் குழப்பிக்கொள்வது நம் மக்களிடம் வழக்கம், ஏனென்றால் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் அந்த நோட்டுதான் மிஞ்சியிருக்கிறது. வாழைமர நோட்டில் ஆங்கிலமும் டாலரும் இருக்கும். சீனாவுக்கான ராணுவ நோட்டின் வாசகத்தில் ஆங்கிலம் கிடையாது.

ஹாங்காங்கில் இந்த ராணுவ யென் ஒன்றுக்கு முதலில் 2 ஹாங்காங் டாலர் என்று மதிப்பு வைத்து, 1942 கோடையில் 4 டாலராக்கி, 1943 ஜூன் முதல் டாலரையே தடை செய்தார்கள். அங்கேயே இன்னொரு விசித்திரம்: ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கியின் கையொப்பமிடாத நோட்டுகளை வெளியே எடுத்து, வங்கி அதிகாரிகளைக் கட்டாயப்படுத்திக் கையொப்பம் வாங்கி ஜப்பானியர் செலவிட்டார்கள். ஏறக்குறைய 11.9 கோடி டாலர். 1946இல் வங்கி அவற்றை ஏற்றுக்கொண்டது. வரிசை எண் எல்லையை வைத்து மட்டுமே இவற்றை அடையாளம் காண முடியும் என்பதால், நல்ல அட்டவணை கையில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

கம்யூனிஸ்ட் தளப்பகுதி நோட்டுகளைக் கடைசிக்கு வையுங்கள். ஷான்டோங்கின் பெய்ஹாய் வங்கி (1938), ஜினான் வங்கி (1939), ஷன்சி-சாஹர்-ஹெபெய் எல்லைப்பகுதி வங்கி (1938), வடமேற்கு விவசாயிகள் வங்கி (1940), யெனானை மையமாகக் கொண்ட ஷான்-கான்-நிங் எல்லைப்பகுதி வங்கி ஆகியவை முக்கியமானவை. வரலாற்றில் மிகச் சுவையானவையும் இவையே. 1948 டிசம்பர் 1 அன்று பிறந்த மக்கள் வங்கி, பெய்ஹாய், வடமேற்கு விவசாயிகள், வட சீன வங்கி ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான். சிற்றூர் அச்சுக்கூடத்தில், கிடைத்த காகிதத்தில், கல்லச்சில் அடித்தவை. நிறம் தாளுக்குத் தாள் மாறும். அதனால்தான் ஆபத்து. அசலே கரடுமுரடாக இருக்கும்போது போலியைக் காட்டிக்கொடுக்க என்ன இருக்கிறது? விலை அதிகம், அச்சுவேலை எளிது. போலி செய்பவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். தரப்படுத்தும் நிறுவனம் சோதித்து உறையிட்டதைத் தவிர வேறெதையும் இந்த வகையில் தொடாதீர்கள். உறையின் எண்ணையும் அந்த நிறுவனத்தின் தளத்தில் அடித்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். உறையையே போலியாகச் செய்கிறார்கள்.

போலிச் சோதனைக்கு மூன்று கருவி போதும்: பத்து மடங்கு லென்ஸ், புற ஊதா டார்ச், ஒரு மேசை விளக்கு. லென்ஸில் படத்தின் கோடுகள் முழுக் கோடாகத் தெரிய வேண்டும். நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறினால் அது கணினி அச்சு. அதோடு சோதனை முடிந்தது. மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நியூயார்க், லண்டன் அச்சு நோட்டுகளில் முகமும் சட்டகமும் மேடாக எழுந்து நிழல் விழும். அது செதுக்குத் தகட்டு அச்சின் அடையாளம். உள்நாட்டில் அச்சான பல தாள்களில் இந்த மேடு இருக்காது என்பதை மறக்காதீர்கள். மேடு இல்லை என்பதால் மட்டும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். வரிசை எண் தனியாக அழுத்தி அடிப்பது. தாளைத் திருப்பினால் பின்புறத்தில் சில இடங்களிலாவது தடம் தெரிய வாய்ப்புண்டு.

இருட்டில் புற ஊதா ஒளியைக் காட்டுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வுப் பொருள்கள் பரவலானது போருக்குப் பிந்தைய காலத்தில். ஆகவே போர்க்காலத் தாள் மங்கலாகவே இருக்க வேண்டும். நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் ஒன்று புதுக் காகிதம், இல்லையென்றால் யாரோ சோப்புத் தூளில் கழுவிய அசல். இரண்டும் உங்களுக்கு வேண்டாதவை. கழுவி இஸ்திரி போட்ட தாளைக் கண்டுபிடிக்க மேசை விளக்கே போதும்: மேடு தட்டையாகியிருக்கும், மடிப்பு இருந்த இடத்தில் மையில் மட்டும் முறிவு மெல்லிய வெள்ளைக் கோடாக நிற்கும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்தினால் ஊசித்துளைகளும் ஒட்டுவேலையும் தெரியும்.

ஒரு சிக்கலான விதிவிலக்கு உண்டு. கவாசாகி நகரில் இருந்த ஜப்பானிய ராணுவத்தின் நொபொரிதோ ஆய்வகம், 'சுகி' என்ற ரகசிய நடவடிக்கையில் ஃபாபியைப் பெருமளவில் கள்ளத்தனமாக அச்சடித்தது. ஹாங்காங்கைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சகங்களின் தகடுகளும் முடிக்காத தாள்களும் கைக்கு வந்ததால் அவர்கள் வேலை எளிதானது. அந்த இடத்தில் இன்று மெய்ஜி பல்கலைக்கழகம் ஒரு அருங்காட்சியகம் நடத்துகிறது. இந்தக் கள்ளநோட்டுகளும் போர்க்காலப் பொருளே என்பதால் மேற்சொன்ன சோதனைகளில் தேறிவிடும். 'நொபொரிதோ நோட்டு' என்று பெயரிட்டுக் கூடுதல் விலைக்கு விற்பவரிடம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராது.

வாங்கும் வரிசை பற்றி. அரசு வங்கிகள் நான்கிலிருந்தும் ஒவ்வொரு தாள், சுங்கத் தங்க அலகு ஒன்று, பொம்மை வங்கிகள் நான்கிலிருந்தும் ஒவ்வொன்று, ராணுவ யென் இரண்டு. ஆக, பதினொரு தாளில் போரின் வரைபடம் கையில் வந்துவிடும். இவை எல்லாவற்றிலும் சாதாரண வகைகள் இருப்பதால் மடிப்பில்லாத தரத்திலேயே தேடலாம். 1940ஆம் ஆண்டின் சென்ட்ரல் பேங்க் 10 சென்ட், 20 சென்ட் போன்ற சிறு தாள்கள் புத்தம் புதிதாகவே மலிவாகக் கிடைக்கும். விலைவாசி ஓடிய வேகத்தில் சில்லறை நோட்டைப் பிரிக்கக்கூட யாருக்கும் தேவைப்படவில்லை. அரிய ஊர்ப்பெயர் என்றால் மட்டும் நான்கைந்து மடிப்பை மன்னிக்கலாம். கிழிசல், டேப், விடுபட்ட மூலை மூன்றையும் மன்னிக்காதீர்கள்.

பாதுகாப்பில் மனிதர்கள் செய்யும் கேடுதான் பெரிது. லேமினேஷன் செய்த நோட்டு செத்த நோட்டு. செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். கடையில் கிடைக்கும் வாசனையடிக்கும் மெத்தென்ற பிவிசி உறை, நாளடைவில் எண்ணெய்ப் பசையைக் கக்கி மையைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். மைலார் என்ற பாலியஸ்டர் உறை வாங்குங்கள். கசக்கினால் சடசடவென்று சத்தம் வரும், வாசனை இருக்காது. பென்சிலால்கூட நோட்டில் எழுதாதீர்கள். பிக் எண், ஊர், அச்சகம், வாங்கிய விலை, நாள் எல்லாவற்றையும் தனிச்சீட்டில் எழுதி உறைக்குள் நோட்டின் பின்னால் வையுங்கள். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம்தான் எதிரி; 50 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நல்லது. மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் வெயிலிலோ அடுப்பிலோ காயவைத்து மறுபடி போடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடும் பழக்கத்தை விடுங்கள். அதன் ஆவி மென்மையான பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதே போதும்.

உங்கள் நாற்பது தாளை இன்றே செய்ய வேண்டியது: பிரிக்கும் முன் ஒவ்வொன்றையும் இரு பக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து, நீள அகலத்தை மில்லிமீட்டரில் குறியுங்கள். அதன்பின் எழுத்தை எண்ணி நான்கு குவியலாக வையுங்கள். ஒரே வரிசை எண்ணில் இரண்டு தாள் இருந்தால், மற்ற முப்பத்தெட்டையும் அதே சந்தேகத்தோடு லென்ஸின் கீழ் வைக்க வேண்டியிருக்கும்.